பாடத் தெரிஞ்சாப் போதுமா டீச்சர்?

போன இதழ்ல இந்தப் பக்கத்தில நான் ஒரு வரிதான் எழுதினன், சங்கீதம் படிப்பிக்க ஆசைப்படுற பிள்ளையள் இருந்தா கேள்வியை அனுப்புங்கோ எண்டு. இவ்வளவு பேர் எழுதுவினம் எண்டு நினைக்கேல்ல. எல்லாத்துக்கும் இந்தப் பக்கத்துக்குள்ள பதில் சொல்ல ஏலாது, அஞ்சை எடுத்திருக்கிறன். பேர் போட வேண்டாம் எண்டு ரெண்டு மூண்டு பேர் கேட்டதால ஒருத்தற்ற பேரும் போடேல்ல, ஊர் மட்டும்தான்.

உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி: டீச்சர், எனக்கு ஓ.எல்.ல சங்கீதத்துக்கு ஏ. ஏ.எல்.லயும் சங்கீதம் எடுத்து எழுதிப்போட்டு ரிசல்ட்டுக்குப் பாத்துக்கொண்டிருக்கிறன். வட இலங்கை சங்கீத சபையில நாலாம் தரம் பாஸ். சங்கீத டீச்சரா வரத்தான் ஆசை. அம்மா கல்வியியற் கல்லூரிக்குப் போ எண்டுறா, எனக்குப் படிப்பிச்ச சேர் கம்பஸுக்குப் போ எண்டுறார். எது சரி?

தங்கச்சி, ரெண்டு பேரும் பிழை சொல்லேல்ல. முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ, சங்கீதம் தெரியும் எண்டதுக்கு ஒரு பேப்பர், பள்ளிக்கூடத்தில படிப்பிக்கலாம் எண்டதுக்கு இன்னொரு பேப்பர், ரெண்டும் வேற வேற. சங்கீத சபைத் தரங்கள் முதலாவது வகை. 1930கள்ல தொடங்கின சபை அது, வடக்கு கிழக்கில பாட்டுப் படிச்ச பிள்ளை எண்டா அனேகமா அந்த எக்ஸாம் எழுதித்தான் வந்திருக்கும். கடைசியில ஆசிரியர் தரம் முடிச்சா கலாவித்தகர் எண்டு பட்டம் குடுப்பினம். பேரிலயே ஆசிரியர் எண்டு இருக்கிறதால கனபேர் அதை முடிச்சா அப்பொயின்ட்மென்ட் கையில வந்திடும் எண்டு நினைச்சுக்கொண்டு வருஷக்கணக்கா இருந்திருக்கினம், எனக்கே அப்பிடி ரெண்டு பேரைத் தெரியும். இண்டைக்கு அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஆனா அதுக்காக நாலாம் தரத்தோட விட்டிடவும் வேண்டாம், ஏனெண்டா அதுக்காகப் படிக்கிற உருப்படிகள்தான், கீதம் வர்ணம் கீர்த்தனை எண்டு வாற பாட்டுகள்தான், நாளைக்கு நீங்கள் வகுப்பில நிக்கேக்க கைகுடுக்கும்.

அம்மா சொல்லுற வழி தேசிய கல்வியியற் கல்லூரி. ஏ.எல். ரிசல்ட்டை வைச்சு எடுப்பினம், கெசட்டில வரும், எந்தப் பாடத்துக்கு எந்தக் கல்லூரி எண்டும் அதிலதான் இருக்கும், அதைப் பொறுமையா ஒருக்காவுக்கு ரெண்டு தரம் வாசிச்சுப் பாருங்கோ. நேர்முகத்தில பாடச் சொன்னாப் பாடுற மாதிரித் தயாரா போங்கோ. மூண்டு வருஷம், அதில ரெண்டு வருஷம் கல்லூரியில தங்கிப் படிப்பு, கடைசி வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில கட்டுறு பயிற்சி. இந்த வழியில எனக்குப் பிடிச்சது அந்தக் கடைசி வருஷந்தான், வேலை எடுக்க முதலே வகுப்புக்குள்ள நிண்டு அடிபட்டு வாறீங்கள். டிப்ளோமாவை முடிச்சவையை நியமனத்துக்கு எடுக்கிறதும் வழமை, வெளியில நிண்டு வேலை தேடி அலையிற பாடு குறைவு.

சேர் சொல்லுறது பட்டம். எங்கட ஆக்களுக்குக் கர்நாடக சங்கீதத்துக்கு ரெண்டு இடம் இருக்கு. ஒண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோட இருக்கிற மருதனார்மடம் இராமநாதன், 1960ல தொடங்கி பிறகு 1975ல பல்கலைக்கழகத்தோட சேர்ந்தது. மற்றது மட்டக்களப்புக் கல்லடியில சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், அது 1982ல இசை நடனக் கல்லூரியாத் தொடங்கி இப்ப கிழக்குப் பல்கலைக்கழகத்தோட இருக்கு. விபுலாநந்த அடிகள் 1920கள்ல எங்கட திருகோணமலை இந்துக் கல்லூரியில அதிபரா இருந்தவர், பிறகு பழைய யாழைப் பற்றி வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு 1947ல யாழ் நூலைக் கொண்டுவந்தவர், அவற்ற பேரில இருக்கிற இடத்துக்கு எங்கட ஊர்ப் பிள்ளையள் போய்ப் படிக்கிறதில எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். ரெண்டிலயும் நாலு வருஷம். ஏ.எல். மார்க்ஸை வைச்சுக் கணக்குப் பாக்கிற இஸட் ஸ்கோர் மட்டும் காணாது, பாடிக் காட்டுற பரீட்சையும் இருக்கு, அதுக்கு அறிவித்தல் தனியா வரும், அதைத் தவறவிட்டா அந்த வருஷம் போச்சு. ரிசல்ட் வரட்டும் பாப்பம் எண்டு இருக்காம இப்ப இருந்தே ஒரு வர்ணத்தை ரெண்டு காலத்திலயும், அதாவது ரெண்டு வேகத்திலயும், நிதானமாப் பாடிப் பழகுங்கோ.

பட்டம் முடிச்சா உடன வேலை எண்டில்லை. மாகாணப் பள்ளிக்கூடங்களுக்குக் கிழக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுதான் ஆள் எடுக்கிறது, அந்த ஒஃபிஸ் எங்கட ஊரிலதான். போட்டிப் பரீட்சை வைப்பினம், பிறகு நேர்முகம். தேசியப் பாடசாலை எண்டா மத்திய அமைச்சு. உள்ள போனாப் பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் செய்ய வேண்டி வரும். நாலு வருஷப் படிப்பு, அதுக்குப் பிறகு எத்தினை மாதமோ வருஷமோ காத்திருப்பு, இதை வீட்டுநிலையோட வைச்சு யோசிக்க வேணும். அம்மா கையில காசில்லாமத்தான் அப்பிடிச் சொல்லுறா எண்டா அவ சொல்லுறது நியாயம்.

என்னைக் கேட்டா, ரெண்டுக்கும் அப்ளிகேஷன் போடுங்கோ. கம்பஸ் கிடைச்சா கம்பஸ். நாலு வருஷம் ஒவ்வொரு நாளும் பெரிய வித்துவான்கள் பக்கத்தில இருந்து கேட்டுப் படிக்கிற வாய்ப்பு வாழ்க்கையில பிறகு வராது, சம்பளம் வரத் தொடங்கினாப் பிறகு ஒருத்தரும் நாலு வருஷம் உக்காந்து படிக்கமாட்டம். கிடைக்கேல்லையா, கல்லூரிக்குப் போங்கோ, அதில ஒரு குறையும் இல்லை, வேலையில இருந்துகொண்டே பிறகு பட்டம் எடுத்த டீச்சர்மார் எங்கட வலயத்திலயே இருக்கினம். தூரத்தை நினைச்சுப் பயப்பிட வேண்டாம். 2009ல கிண்ணியாப் பாலம் திறந்தாப் பிறகு மூதூர், வாகரைப் பாதையால மட்டக்களப்புக்குப் பஸ்ஸில போறது பெரிய காரியமில்லை, நாங்கள் ஃபெரிக்குக் காவல் நிண்ட காலத்தை நினைச்சா இப்ப சொர்க்கம்.

மூதூரில இருந்து ஒரு தம்பி: வணக்கம் டீச்சர். நான் சங்கீதத்தில பட்டம் முடிச்சு ஒரு வருஷம். நியமனம் இன்னும் வரேல்ல, வீட்டில வகுப்பு எடுக்கிறன். கச்சேரியில நல்லாப் பாடுறன் எண்டுதான் எல்லாரும் சொல்லுகினம். ஆனா வாற பிள்ளையள் ரெண்டு மூண்டு கிழமையில நிண்டிடுதுகள். எங்க பிழை விடுறன்?

தம்பி, உங்கட கேள்வியை வாசிச்சுப்போட்டு நான் கொஞ்ச நேரம் பேசாம இருந்தன். ஏனெண்டா என்ர முதல் ரெண்டு வருஷமும் இதே கதைதான்.

நீங்கள் பாடுறதில பிழை இருக்காது. பாடுறவருக்குத் தன்ர குரல் கேட்டாப் போதும், படிப்பிக்கிறவருக்குப் பிள்ளையின்ர குரல் கேக்க வேணும், அதைத்தான் ஒருத்தரும் எங்களுக்குப் பழக்கேல்ல. ஒண்டு சொல்லுறன், நாளைக்கே செய்து பாருங்கோ. எல்லாரையும் போல நீங்களும் மாயாமாளவகௌளை ராகத்தில சரளி வரிசைதான், அந்த முதல் ஸ்வரப் பயிற்சிதான், தொடங்குவீங்கள். அதில ரிஷபம், அதுதான் ரி, சுத்த ரிஷபம், ஷட்ஜத்துக்கு, அதாவது ச வுக்கு, ஒட்டி நிக்கும், அங்க இருந்து க வுக்கு, அந்தர காந்தாரத்துக்கு, ஒரு பெரிய தாண்டல். எங்கட பிள்ளையள் காதால கேட்டு வளந்தது டிவி பாட்டு, அதில அனேகமா அவைக்குப் பழகினது பெரிய ரிஷபம், சங்கராபரணத்தில வாற சதுஸ்ருதி. அதால பிள்ளை 'ச ரி' எண்டு வாயைத் திறந்த உடன ரி மேல ஏறிப் போய் நிக்கும். நீங்கள் கூடவே சேர்ந்து பாடிக்கொண்டிருந்தா அது உங்களுக்குக் கேக்கவே கேக்காது! உங்கட குரல் மூடிப்போடும். ஒரு கிழமை போனா அந்தப் பிழையான ரி பிள்ளைக்குப் பழகியிடும், பிறகு நீங்கள் "பிழை, திருப்பிப் பாடு, திருப்பிப் பாடு" எண்டுவீங்கள், அது எதைத் திருத்துறது எண்டு தெரியாம முழிக்கும், அடுத்த கிழமை வயித்துக்குத்து எண்டு சொல்லி வராது.

நான் செய்யிறது இதுதான். சுருதிப் பெட்டியைப் போட்டுட்டு ஷட்ஜத்தில மட்டும் நிக்க விடுறது, அம்மா கூப்பிடுற மாதிரி நீளமா. பிறகு ச ரி ரி ச, அவ்வளவுதான், காந்தாரத்துக்குப் போறதில்லை. ரி எண்டது பக்கத்து வீட்டு வேலிக்குப் போறது இல்லையடா, எங்கட படிக்கட்டில ஒரு படி மட்டும் ஏறுறது எண்டு சொல்லுவன். சில பிள்ளைக்கு ஒரு நாள், சிலதுக்கு ஒரு மாதம். அது பிடிபட்டாப் பிறகு ப த த ப பாடச் சொல்லுங்கோ, அதே இடைவெளிதான் அங்கயும், ச ரி க ம எப்பிடியோ ப த நி ச அப்பிடியே. மேல் பாதி கீழ்ப் பாதி ரெண்டும் ஒரே அச்சு, அதாலதான் எங்கட முன்னோர் இந்த ராகத்தை முதல் பாடத்துக்கு வைச்சிருக்கினம் எண்டு நான் நினைக்கிறன். பிள்ளைக்கு இது தானா விளங்குற நேரம் முகத்தில ஒரு வெளிச்சம் வரும் பாருங்கோ, அதுக்குப் பிறகு அது வகுப்பை விட்டுப் போகாது.

அடுத்தது கட்டை, பாடுற சுருதி எவ்வளவு உயரம் எண்ட கணக்கு. நீங்கள் ஆம்பிளை, ஒண்டு, ஒண்டரைக் கட்டையில பாடுவீங்கள். எட்டு வயசுப் பிள்ளைக்கு அஞ்சு, அஞ்சரை வேணும். உங்கட கட்டையில வைச்சுப் பாடச் சொன்னா கீழ் ஸ்தாயியில அதுக்குச் சத்தமே வராது, வெறும் காத்துத்தான் வரும், பிள்ளைக்குப் பாட வராது எண்டு நீங்கள் முடிவு கட்டிவிடுவீங்கள். பிள்ளையின்ர சுருதியை வைச்சிட்டு நீங்கள் கீழ் ஸ்தாயியில வழிகாட்டப் பழகுங்கோ, கஷ்டந்தான், ஆனா வேற வழியில்லை.

இதில நான் விட்ட பிழை ஒண்டு இருக்கு, எழுதத்தான் வேணும். நான் வேலைக்கு வந்த புதுசு. தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் குழுப்பாட்டு பழக்கினன், எல்லாப் பிள்ளையளையும் அஞ்சரைக் கட்டையில. ஒன்பதாம் வகுப்புப் பெடியன் ஒருத்தன், குரல் உடையிற வயசு, அவன்ர சத்தம் மட்டும் கீழ தனியா இழுபட்டுக்கொண்டு நிண்டுது. நான் அவனைக் கூப்பிட்டு "நீ வாயை மட்டும் அசை, சத்தம் போடாத" எண்டு சொன்னன். பாவம், போட்டி அண்டைக்கு ஒரு சொல்லும் பிசகாம வடிவா வாயசைச்சான். பத்தாம் வகுப்புக்குப் போகேக்க சங்கீதத்தை விட்டுட்டு சித்திரம் எடுத்தான், நானும் ஏன் எண்டு கேக்கேல்ல. கன வருஷத்துக்குப் பிறகு பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாவில சாமிக்குப் பின்னால தேவாரம் பாடிக்கொண்டு ஒரு கூட்டம் வருது, அதில ஒரு குரல், ஒண்டரைக் கட்டை இருக்கும், அவ்வளவு சுத்தமா சுருதியில நிக்குது. திரும்பிப் பாத்தா அவன். என்னைக் கண்டிட்டுப் பாட்டை நிப்பாட்டிப்போட்டான்.

அவனுக்குப் பாட வராம இருக்கேல்ல தம்பி, நான் வைச்ச சுருதிதான் அவனுக்குப் பொருந்தேல்ல. அண்டையில இருந்து குழுப்பாட்டு எண்டா முதல் நாள் பாட்டே படிப்பிக்கிறதில்லை, ஒவ்வொரு பிள்ளையா என்ர மேசைக்குப் பக்கத்தில நிண்டு ஷட்ஜம் பிடிக்க விட்டு ஆருக்கு எந்தக் கட்டை எண்டு கொப்பியில எழுதுவன். குரல் உடையிற பெடியங்களுக்கு ஒரு ஸ்தாயி கீழ பாட ஒரு இடம் வைப்பன், இல்லாட்டித் தாளம் போட வைப்பன். ஆனா ஒருத்தரையும் வாயசைக்கச் சொல்லுறதில்லை.

நிலாவெளியில இருந்து ஒரு வாசகர்: கீபோர்ட் நல்லா வாசிப்பன், கோவில், கலியாண வீட்டு ப்ரோக்ராம் எல்லாம் செய்யிறன். இதை வைச்சு மியூசிக் டீச்சர் ஆகலாமா?

கர்நாடக சங்கீதப் பாடத்துக்கு எண்டா இது மட்டும் காணாது. கீபோர்ட்டில ஸ்வரம் கட்டை கட்டையா நிக்கும், ஒண்டில இருந்து மற்றதுக்கு வழுக்கிப் போற கமகம் வராது, எங்கட சங்கீதத்துக்கு அதுதான் உயிர். மேல்நாட்டுச் சங்கீதம் பள்ளிக்கூடத்தில தனிப் பாடம், அதுக்கு நோட்டேஷன் பாத்து வாசிக்கப் படிச்சு லண்டன் ட்ரினிட்டி மாதிரி க்ரேட் எக்ஸாம்கள் எட்டு வரைக்கும் செய்யலாம், தனியார் வகுப்பு நடத்த அது நல்ல அத்திவாரம். சுருதியை மாத்துற ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமத்திப் பழகின கையெண்டா முதல்ல அதை விட்டுட்டு எல்லா ஸ்கேலும் கையால வாசிச்சுப் பழகுங்கோ. பிள்ளை "சேர், இதை ஒரு கட்டை கூட்டி எப்பிடி வாசிக்கிறது" எண்டு கேக்கும், பட்டனைக் காட்டினா அது ஒண்டும் படிக்காது.

தம்பலகாமத்தில இருந்து ஒரு டீச்சர்: அக்கா, நான் இந்த வேலைக்கு வந்து மூண்டாவது வருஷம். ஒரு நாளைக்கு ஆறு பீரியட். சங்கீதத்துக்குத் தனி ரூம் இல்லை, ஒரே ஹோலில தட்டி வைச்சுப் பிரிச்சிருக்கு, அங்கால கணக்குப் பாடம். வெள்ளிக்கிழமை எண்டா எனக்குச் சத்தமே வராது. பள்ளிக்கூடத்தில பிரார்த்தனை, வாணி விழா, பரிசளிப்பு எல்லாப் பாட்டும் என்ர தலையிலதான். விட்டுடலாமோ எண்டு வருது.

விட வேண்டாம் தங்கச்சி. உங்கட மனசு எனக்கு விளங்குது, நாப்பது நிமிஷ பீரியட்டில நாப்பது பிள்ளையளோட நிண்டவைக்குத்தான் அது தெரியும்.

முதல்ல தொண்டை. கரகரப்பு மூண்டு கிழமைக்கு மேல நிண்டா தேன், அதிமதுரம் எண்டு பாத்துக்கொண்டிருக்காம பெரியாஸ்பத்திரியில காது மூக்குத் தொண்டை டொக்டரைக் காட்டுங்கோ, குரல்நாணில சின்னக் கட்டி மாதிரி வாறது எங்கட தொழில்ல நடக்கிற விசயம், வேளைக்குக் கண்டா அனேகமாக் குரலுக்கு ஓய்வும் பயிற்சியும் குடுத்தே சமாளிக்கலாம். சத்தம் இல்லாத அண்டைக்குக் குசுகுசுத்துக் கதைக்கிறதும் கூடாது, அதுவும் தொண்டையை இறுக்கும். தண்ணிப் போத்தில் கையோட இருக்கட்டும்.

அடுத்தது பாடுற அளவு. நீங்கள் ஆறு பீரியட்டும் வகுப்போட சேர்ந்து பாடுறீங்கள் எண்டு எழுதாமலே தெரியுது. மூதூர்த் தம்பிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும், ஒருக்காப் பாடிக் காட்டிப்போட்டு வாயை மூடிக்கொண்டு கேளுங்கோ. தொண்டைக்கும் ஓய்வு, பிள்ளையின்ர பிழையும் கேக்கும். ஒரு பாடம் முழுக்கத் தாளத்துக்கு எண்டு வையுங்கோ, ஏழு தாள அலங்காரத்தை மேசையில தட்டாம தொடையில போட்டு எண்ணச் சொல்லுங்கோ, தட்டிக்கு அங்கால இருக்கிற கணக்கு டீச்சருக்கும் கரைச்சல் இல்லை. அவவோட ஒருக்கா இருந்து கதையுங்கோ, அவ சோதனை வைக்கிற நாளில நீங்கள் எழுத்து வேலை, உங்கட பாட்டு நாளில அவ பயிற்சிக் கணக்கு. நான் இப்பிடிச் செய்துதான் நாலு வருஷம் ஒரே ஹோலில சண்டையில்லாம இருந்தனான். அவவின்ர மகள் பிறகு என்னட்டப் பாட்டுப் படிக்க வந்தா.

விழாப் பாட்டு விசயத்தில அதிபரிட்ட ஒண்டு கேளுங்கோ, வருஷம் தொடங்கேக்கயே எந்த விழா எந்தத் தேதி எண்டு எழுதித் தரச் சொல்லி. நாளைக்கு மினிஸ்டர் வாறார், வரவேற்புப் பாட்டு வேணும் எண்டு முதல் நாள் சொல்லுறதுதான் தொண்டையை முறிக்கிறது.

உவர்மலையில இருந்து ஒரு அம்மா: எனக்கு நாப்பத்தொரு வயசு. கலியாணத்துக்கு முதல் சங்கீத சபை மூண்டாம் தரம் வரைக்கும் படிச்சன். இப்ப பிள்ளையள் வளந்திட்டினம். பக்கத்து வீட்டுப் பிள்ளையள் ரெண்டு பேர் பாட்டுச் சொல்லித் தாங்கோ ஆன்ட்டி எண்டு வருகினம். இந்த வயசில, இந்தப் படிப்போட, சொல்லிக் குடுக்கலாமா? பிழையாகிடுமோ?

தாராளமாச் சொல்லிக் குடுங்கோ. அரசாங்க நியமனத்துக்குத்தான் வயசெல்லை, பாட்டுக்கு இல்லை. ஆனா ரெண்டு விசயத்தில நேர்மையா இருக்க வேணும். அந்தப் பிள்ளையளின்ர தாய்மாரிட்ட முதல் நாளே சொல்லுங்கோ, நான் இவ்வளவுதான் படிச்சனான், வரிசைகள், அலங்காரம், கீதம் வரைக்கும் நல்ல அத்திவாரம் போட்டுத் தருவன், அதுக்குப் பிறகு இன்னொரு டீச்சரிட்ட விட வேணும் எண்டு. அந்த நேரம் வந்தாப் பிள்ளையை விடுங்கோ, என்ர பிள்ளை எண்டு பிடிச்சு வைக்க வேண்டாம். மற்றது, நீங்களும் திருப்பிப் படிக்கத் தொடங்குங்கோ. இருவது வருஷம் பாடாத தொண்டை உடன வராது, விடிய எழும்பிக் கால் மணித்தியாலம் சுருதியில ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் எண்டு நிண்டு பாருங்கோ, ரெண்டு மாதத்தில தெரியும். உங்கட பழைய டீச்சர் இருந்தா அவவிட்டயே போங்கோ, எவ்வளவு சந்தோஷப்படுவா தெரியுமா.

இன்னொரு வழியும் சொல்லுறன். உங்களுக்குக் கிட்ட இருக்கிற கோவில் அறநெறிப் பாடசாலையில ஞாயிற்றுக்கிழமை பண்ணிசை சொல்லிக் குடுக்க ஆள் வேணுமோ எண்டு கேட்டுப் பாருங்கோ. சம்பளம் எண்டு பெரிசா இராது, ஆனா சின்னப் பிள்ளையளுக்கு முன்னால நிண்டு பழகுறதுக்கு அதை விட நல்ல இடம் இல்லை. நானும் அங்க இருந்துதான் தொடங்கினனான்.

அங்க போனா முதல் பாட்டா எங்கட கோணேசர் பதிகத்தையே எடுங்கோ. ஏழாம் நூற்றாண்டில சம்பந்தர் ராமேஸ்வரத்தில நிண்டு எங்கட கோணமலையை நினைச்சுப் பாடினது எண்டு சொல்லுவினம். பண் புறநீர்மை, இப்ப பூபாளத்தில பாடுறம், விடியப்புற ராகம். அஞ்சே அஞ்சு ஸ்வரம், பிள்ளையளுக்குப் பாரமில்லை. ரிஷபம் இங்கயும் சுத்த ரிஷபந்தான், மேல ஏறப் பாக்கும், ஒரு பிள்ளையைத் தனியாப் பாட விட்டுட்டு நீங்கள் பேசாம இருந்து கேளுங்கோ.